அடிவயிற்றைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்

கனடாவின் ஆல்பர்ட்டாவில், வண்டியில் கட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டில் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம் ஆட்கள் யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். டிரெய்லருக்கு அடியில் குளிர் ஏறாமல் ஃபோம் அடித்துத் தருகிறேன் என்ற ஒருவரிடம் 4,410 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். 4,200 வேலைக்கு, 210 ஜிஎஸ்டிக்கு. அந்த 210-ஆவது அரசாங்கத்துக்குப் போனதா என்பது சந்தேகம்தான். ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண்ணே இல்லை. அதை நான் கவனித்ததே நான்கு மாதம் கழித்து.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். திருச்சியில் பாய்லர் பட்டறைகளில் தொழில் பழகியவன். அடுத்தவர் போட்ட ஜாயின்ட்டில் டார்ச் அடித்துக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொந்த வீட்டுக்கு அடியில் மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

2023-இல் எட்சன் பக்கம் ஓர் எரிவாயு ஆலையில் வேலை. எட்மன்டனிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டர். வாடகைக்கு வீடு அமையவில்லை. 28 அடி நீளத்தில் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு டிரெய்லர் பார்க்கில் இடம் பிடித்தோம். பக்கத்து இடத்துப் பெரியவர் முதல் நாளே சொன்னார், கூரையைப் பற்றிக் கவலைப்படாதே, அடிவயிற்றைக் கவனி என்று.

அடிவயிறு என்றால் இதுதான்: டிரெய்லரின் அடியில் கோரோபிளாஸ்ட் என்று ஒரு தகடு இருக்கும். இங்கே தேர்தல் நேரத்தில் வீட்டு வாசலில் நட்டுவைக்கும் பிளாஸ்டிக் அட்டை இருக்கிறதே, அதே சரக்குதான். அதற்கும் தரைப்பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. நல்ல தண்ணீர் டேங்க், பாத்திரம் கழுவிய தண்ணீர் டேங்க், கக்கூஸ் டேங்க் மூன்றும் அங்கேதான் படுத்திருக்கின்றன. பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து கிளை பிரிந்து வரும் இரண்டு அங்குலக் குழல் ஒன்று அந்த இடைவெளிக்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஆக, அதுவும் வீட்டுக்குள் ஓர் அறை மாதிரிதான். குளிரைத் தடுக்கும் போர்வை அதற்கும் கீழே வரவேண்டும். இது இன்று எனக்குத் தெரிகிறது.

விளம்பரத்தைப் பார்த்துப் பிடித்த ஆள் நன்றாகப் பேசினார். தகட்டைக் கழற்றி, இரண்டு அங்குலத்துக்கு, நுண்குமிழிகள் மூடியிருக்கும் ‘மூடிய செல்’ ஸ்பிரே ஃபோம் அடித்து, டேங்குகளுக்கு அடியில் சூடேற்றும் பேட் ஒட்டி, குழாய்களுக்கு மின்சாரத்தில் சூடாகும் ஹீட் டேப் சுற்றி, திரும்ப மூடித் தருவதாகப் பேச்சு. மைனஸ் 40 வரை பயமே இல்லை என்றார். அதை எழுதித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பாதிப் பணம் முன்னாலேயே கொடுத்தேன்.

செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் வண்டி அவர் கொட்டகையில் நின்றது. எடுக்கப் போனபோது சக்கரத்துக்கு மேலே மஞ்சளாக, பொங்கிய மாவு மாதிரி ஃபோம் தெரிந்தது. தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. திருப்தி. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஃபோம் கிட் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் 200 என்று பெரிதாக அச்சடித்திருந்ததும் கண்ணில் பட்டது.

அந்த 200 என்ன என்று சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும். அது போர்டு அடிக் கணக்கு. ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலம் கனமாக அடித்தால் ஒரு போர்டு அடி. என் டிரெய்லர் 28-க்கு 8, அதாவது 224 சதுர அடி. இரண்டு அங்குலத்துக்கு 448 வேண்டும். ஒரு 200 கிட்டை வைத்து முழுப் பரப்பையும் ஓர் அங்குலத்துக்குக்கூட மூட முடியாது. பெட்டியைப் பார்த்த அந்த நிமிடமே கொட்டகையில் வைத்துப் போட்டிருக்க வேண்டிய பெருக்கல் இது. போடவில்லை. மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, கொண்டுபோயிருந்த சிவப்பு வாளியையும் அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

நவம்பரில், மைனஸ் 12 இருக்கும், காலையில் மனைவி எழுப்பினாள். “ஏங்க, சிங்க்ல தண்ணி வரலைங்க.” ஃபோம் அடித்தவருக்குப் போன் செய்தால், குழாயைச் சொட்டவிட்டு வையுங்கள் என்கிறார். 4,410 டாலருக்குக் கிடைத்த ஆலோசனை! சொட்டவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழே டேங்குக்குத்தான். அது நிரம்பி, அங்கே உறைந்தது.

ஜனவரியில்தான் உண்மையான அடி. 2024 ஜனவரி 13-ஐ ஆல்பர்ட்டாவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எட்மன்டன் விமான நிலையத்தில் மைனஸ் 45-க்கும் கீழே போன நாள். கக்கூஸ் டேங்க் கல்லாகிவிட்டது, வால்வுக் கைப்பிடி இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. மைனஸ் 42-க்குக் கீழே, ஃபர்னஸில் எரியும் புரொப்பேன் வாயு ஆவியாகாது, திரவமாகவே சிலிண்டரில் கிடக்கும். அதற்கு மேலே சில டிகிரி இருக்கும்போதே அழுத்தம் இறங்கிவிடும். ஃபர்னஸ் விட்டு விட்டு இருமியது. மனைவி தரையில் உட்கார்ந்து ஹேர் டிரையரைக் குழாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டு போனும் ஒன்றாக அலறின. மாகாணத்தின் அவசர எச்சரிக்கை: மின்சாரம் தட்டுப்பாடு, உடனே பயன்பாட்டைக் குறையுங்கள். அவள் டிரையரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அணைத்துவிட்டாள். அன்று இரவே மோட்டலுக்குப் போனோம். ஒன்பது இரவு.

பிப்ரவரியில் குளிர் கொஞ்சம் விட்டது. பனி மேல் அட்டையை விரித்து, மல்லாந்து அடியில் நுழைந்து, நெற்றி விளக்கோடு ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தகட்டின் நடுப்பகுதி கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கியது. ஐந்தாவது ஸ்குரு வந்ததும் ஓர் ஓரம் சரிந்து, பனிக்கட்டிப் பாளம் ஒன்று என் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. வெடித்த பெக்ஸ் இணைப்பிலிருந்து கசிந்து உறைந்த தண்ணீர்.

உள்ளே பார்த்தால், ஃபோம் சக்கரத்தைச் சுற்றியும் ஓரங்களிலும் மட்டும்தான் கனமாக இருந்தது. படம் எடுக்கும் இடங்கள். மற்ற இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்தேன், அரை அங்குலம்கூட இல்லை. சில இடத்தில் அழுத்தினால் அமுங்கியது, கருவாட்டு நெடி வேறு. இரண்டு ரசாயனமும் சரியான விகிதத்தில் கலக்காவிட்டால், அல்லது குளிர்ந்த பரப்பில் அடித்தால், ஃபோம் இப்படித்தான் ஆகும். அதைவிடக் கொடுமை, இருந்த ஃபோம் முழுவதையும் தரைப்பலகையின் அடியில், குழாய்களுக்கு மேலே அடித்திருந்தார். மேலே வீட்டிலிருந்து கொஞ்சநஞ்சம் கசிந்து இறங்கிய சூட்டையும் தடுத்து, டேங்குகளைப் போர்வைக்கு வெளியே தள்ளிவிட்டார். ஃபர்னஸிலிருந்து வரும் அந்தச் சின்னக் குழலின் வாயிலும் ஃபோம் பொங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அவரிடம் போகாமலே இருந்திருந்தால் டேங்குகள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

தகட்டின் மேல் வெள்ளிக் குமிழித்தாள் ஒட்டியிருந்தார். விளம்பரங்களில் இதற்கு ஆர்-21 என்றெல்லாம் போடுவார்கள். ஆர் என்பது சூடு கசியாமல் தடுக்கும் திறனுக்கான அளவு, கூடினால் நல்லது. காற்று இடைவெளி விடாமல் ஒட்டினால் ஏறக்குறைய ஆர்-1, அவ்வளவுதான். கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை ஓர் அங்குலத்துக்கே ஆர்-5 தரும். பேட் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தது, ஒயர் எங்கேயும் சேரவில்லை. ஹீட் டேப் இல்லவே இல்லை.

படங்களை அனுப்பினேன். டிரெய்லரெல்லாம் குளிர்காலத்துக்குச் செய்ததே இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இங்கே ஆல்பர்ட்டா கோர்ட் ஆஃப் ஜஸ்டிஸில் 1,00,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். போட்டேன். விசாரணைக்கு முன்னாலேயே 2,000 டாலர் திருப்பித் தந்தார். நான்கு மாதம் லீவு போட்டு அலைய முடியாது என்று நானும் அதோடு விட்டேன். மோட்டல், குழாய், வால்வு எல்லாம் என் தலையில்.

கோடையில் நானே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். அந்தச் சுரண்டல் வேலையை எதிரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகையை உத்திரங்களுக்கு இடையே அளந்து வெட்டி, தகட்டின் மேல், டேங்குகளுக்குக் கீழே வைத்தேன். இடுக்குகளுக்கு டப்பா ஃபோம், மூட்டுகளுக்கு ஃபாயில் டேப். குழல் வாயைத் திறந்துவிட்டேன். சுற்றிலும் பலகையால் பாவாடை கட்டினேன், ஃபர்னஸ் புகை வெளியேறும் வாயை மட்டும் மறைக்காமல். வயர்லெஸ் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 31 இருந்தபோது உள்ளே 6 டிகிரி. பொருளுக்கு ஆன செலவு 1,300 டாலருக்குள்.

யாரிடமாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், தகட்டை மூடுவதற்கு முன்னால் போய்ப் படுத்துப் பாருங்கள். மூடியபின் கூப்பிடுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கம்பியை நடுவில் குத்துங்கள், ஓரத்தில் அல்ல.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை. விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்கு மேலே மஞ்சள் ஃபோம் பொங்கி நிற்கும் ஒரு படம் வரும். அதில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி இருந்தால், அது என்னுடையது.