செந்தூர் ரோடா, பொதிகை மலையா? வயதான பெற்றோரோடு ஒரு நெடுநடை

அறுபதைத் தாண்டிய அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்று கிளம்பினால், நெல்லைச் சீமையில் மூன்று வழிகள் பேச்சில் வரும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை, பொதிகை உச்சியான அகத்தியர்கூடம், திருக்குறுங்குடி மலைநம்பி கோயில். எது கஷ்டம், எது சுலபம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாதி வழியில் அவர்களுக்கு முடியாமல் போனால் எப்படி வீடு திரும்புவது என்பதை வைத்துத்தான் நான் இந்த மூன்றையும் எடை போடுவேன்.

அப்படிப் பார்த்தால் செந்தூர் ரோட்டை மிஞ்ச எதுவும் இல்லை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர் மேல் ஊராக வந்துகொண்டே இருக்கும். பஸ் ஓயாது. ரயில் பாதையும் பெரும்பாலும் பக்கத்திலேயே வருகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் முடியவில்லை என்றால் அங்கேயே ரயில் ஏறிவிடலாம். தைப்பூச சமயத்தில் பச்சை வேட்டியும் சப்பரமும் பாட்டுமாக ரோடே நிரம்பியிருக்கும். சாப்பாடு, மோர், படுக்க மண்டபம் எதற்கும் அலைய வேண்டாம்.

ஆனால் இந்த வழியில் ஆளை அடிப்பது வெயிலும் தாரும். வாழைத் தோட்டமும் வயலுமாக இருக்கும் தாமிரபரணிக் கரை கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. வைகாசி விசாகத்துக்கு நடப்பவர்கள் பகல் பதினோரு மணிக்கு மேல் ரோட்டில் இருக்கவே கூடாது. வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும். "தண்ணி வேண்டாம்ப்பா, வயிறு நிறைய இருக்கு" என்பார்கள், உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வற்றும். அரை மணிக்கு ஒரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கொஞ்சம் குடிக்க வைப்பதுதான் வழி. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போகிறது என்றால், நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். டோஸ் பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் அவர்களிடமும் இருக்கட்டும், உங்களிடமும் இருக்கட்டும்.

கால் விஷயம் தனி. செருப்பில்லாமல் நடப்பதுதான் வேண்டுதல் என்பார்கள். பல வருஷம் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால், தார் சுட்டுக் கொப்புளம் வந்ததே தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல சமரசம், வழி முழுக்க ஷூவோ செருப்போ போட்டுக்கொண்டு, திருச்செந்தூர் ஊருக்குள் நுழைந்த பிறகு கழற்றிக்கொள்வது. முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

மழையைப் பொறுத்தவரை, தரைதானே என்று இந்த வழியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கந்தசஷ்டி வருவதே வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் கொட்டியது. ரயில் பாதைக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. நான் மேலே பெருமையாகச் சொன்ன அதே ரயில்தான். காற்றழுத்தத் தாழ்வு என்று வானிலை அறிவிப்பு வந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். சாதாரண மழை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒதுங்க டீக்கடை இருக்கிறது. இருட்டு மழையில் வண்டிக்காரர் கண்ணில் படும்படி முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொதிகை நேர் எதிர். மலைத் தொடர் நம் பக்கத்துக்கு எதிரேயே நிற்கிறது. ஏற வேண்டுமானால் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குப் போய், விதுரா வழியாகப் போணக்காட்டில் தொடங்க வேண்டும். உச்சி 1868 மீட்டர். முதல் நாள் காட்டு வழியில் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம். கேரள வனத்துறை ஜனவரி நடுவிலிருந்துதான் விடும். அனுமதிச் சீட்டும் உடல்தகுதிச் சான்றும் கட்டாயம். 2019 முதல் பெண்களும் போகலாம், அதனால் அம்மாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாற்று நட்டுக் களை பறித்து வளர்ந்த அம்மாக்கள் பலர் இந்த ஏற்றத்தில் ஆபீஸ் பிள்ளைகளை முந்திவிடுவார்கள் என்பது என் கட்சி.

அங்கே வெயிலை விட ஈரமும் காற்றும்தான் சோதனை. பனிமூட்டம் இறங்கி, தூறலும் சேர்ந்துகொண்டால், நனைந்த பருத்தி வேட்டியும் பனியனும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வயதானவர்களுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, நேர் வழியிலேயே தடுமாறுகிறார் என்றால் அது களைப்பு மட்டும் இல்லை; முதலில் ஈரத்தைக் கழற்றிக் காய்ந்த துணி, காற்றுப் படாத இடம், சூடாகக் கஞ்சி. மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது இதற்காகத்தான். உச்சிக்கு முன்னால் கயிறு பிடித்து ஏறும் பாறைகள் நனைந்திருந்தால், முட்டி வலி உள்ளவரை ஏற்றிவிடலாம், இறக்குவதுதான் பாடு.

இனி நம் கேள்விக்கு வந்தால், அதிருமலைக்கு மேல் முடியவில்லை என்றால் வண்டி வராது. திரும்பி நடக்க வேண்டும், இல்லை தூக்கி வர வேண்டும். ஆனால் ஒரு ஆறுதல்: உச்சி நாளில் அப்பா முகாமிலேயே தங்கிவிடலாம், நீங்கள் மட்டும் போய் வரலாம். முதல் நாள் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியவருக்கு அது தோல்வியே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செந்தூர் ரோட்டில் நிறுத்துவது கைக்கெட்டிய காரியம். ஆனால் அப்பாக்கள் நிறுத்த மாட்டார்கள். நேர்த்திக்கடன், கூட நடக்கும் ஊர்க்காரர்கள், "செந்தூரான் பாத்துக்கிடுவான், நீ சும்மா வாலே" என்கிற பிடிவாதம். பிள்ளை சொல் எடுபடாது. மலையில் நிறுத்துவது கஷ்டம். ஆனால் முடிவு உங்களிடம் இல்லை. மழை கனத்தால் உச்சிக்குப் போகக் கூடாது என்று வழிகாட்டியோ வனக்காவலரோ சொன்னால், வீட்டில் யார் பேச்சும் கேட்காத அப்பா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவார். அதனால் செந்தூருக்குக் கிளம்பும் முன்பே, ஆழ்வார்திருநகரி வரை நடந்தால் போதும், மீதியைப் பஸ்ஸில் போனாலும் வேண்டுதல் நிறைவேறியதுதான் என்று வீட்டில் பேசி முடிவு கட்டிக்கொள்வது உத்தமம். இதை அம்மாவோ அத்தையோ எடுத்துச் சொன்னால் இன்னும் நன்று.

திருக்குறுங்குடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஏறினால் பகலிலேயே இறங்கிவிடலாம். ஊரிலிருந்து ஜீப் போகிறது என்பதால் ஏற்றத்தை நடந்து, முட்டிக்குக் கேடான இறக்கத்தை வண்டியில் முடிக்கலாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில் என்பதால் நம்பியாற்றில் தண்ணீர் பெருகினால் வனத்துறை வழியை அடைத்துவிடும், அன்று வாக்குவாதம் செய்து பயனில்லை. இதைத் தனிப் பயணமாக நினைக்காமல், மற்ற இரண்டுக்கும் பரீட்சையாக வைத்துக்கொள்வது சரி. இங்கே ஏறி மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல எழுந்து பால் வாங்கப் போகிறாரா என்று பாருங்கள்.

என் தேர்வு இது: சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர் என்றால் தை மாதத்தில் செந்தூர், செருப்போடு, மூன்று பகுதியாக, ராத்திரி நடையைக் குறைத்துக்கொண்டு. உடம்பு கட்டாக, முட்டி நன்றாக இருப்பவர் என்றால் பொதிகை, அதுவும் அதிருமலை வரையாவது என்ற கணக்கில். பொதிகைக்கான முன்பதிவு வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் வரும், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே டாக்டரிடம் போவதையும் திருக்குறுங்குடி ஏற்றத்தையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்; புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம்.