நியாசின்: முகம் சிவந்த ஐந்து ஆண்டுகள்

முதல் மாத்திரையைப் போட்ட இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. படுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் காது மடல்கள் சுட்டன. பிறகு கன்னம், கழுத்து, மார்பு என்று சூடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கூடவே முள் குத்துவது போன்ற அரிப்பு. கண்ணாடியில் பார்த்தபோது முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. இப்படி வரும் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் பயந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது.

அது 2010-ஆம் ஆண்டு. அப்போது எனக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 162, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 34, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 240. கொலஸ்ட்ராலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளில் இரண்டு வகைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, தொடைத் தசை வலி தாங்காமல் இரண்டையும் நிறுத்தியிருந்தேன். அதன் பிறகுதான் நியாசின். வைட்டமின் பி3 என்றதும் சத்து மாத்திரைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓர் ஆணுக்கு வைட்டமினாக ஒரு நாளில் தேவைப்படுவது 16 மில்லிகிராம். கொலஸ்ட்ராலுக்குக் கொடுப்பதோ 1000 முதல் 2000 மில்லிகிராம். அந்த அளவில் அது முழுக்க முழுக்க மருந்து. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அதன் குணம் 1955-லேயே தெரியவந்ததுதான்.

இரவில் 500 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டி, 1500-இல் நிறுத்தினார் மருத்துவர். முகம் சிவப்பதற்குக் காரணம், நியாசின் தோலில் உள்ள செல்களைத் தூண்டி புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கவைப்பது. அதனால் சிறு ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கும் என்பதால், மருத்துவர் சொன்னபடி அரை மணி நேரம் முன்னதாக அதைப் போட்டுக்கொண்டேன். வெறும் வயிற்றில் நியாசின் எடுப்பதை விட்டேன். அதையொட்டிச் சூடான பானம் எதையும் குடிக்கவில்லை. இரண்டு மாதங்களில் சிவப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் ஒரு பயணத்தில் நான்கு நாள் மாத்திரை விட்டுப்போய், திரும்ப வந்ததும் பழைய அளவையே விழுங்கிய இரவில், முதல் நாளைவிட மோசமாக எரிந்தது. பழகிய உடல் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது.

ஓராண்டு கழித்து எல்.டி.எல். 137, எச்.டி.எல். 44, டிரைகிளிசரைடு 148. அந்தத் தாளை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. நடைப்பயிற்சியால் ஒன்றிரண்டு புள்ளிகூட ஏறாத எச்.டி.எல். பத்துப் புள்ளி ஏறியிருந்ததே!

இடையில் ஒரு தவறும் நடந்தது. வழக்கமான மாத்திரை கிடைக்காத ஒரு சமயம், கடையில் ‘இதுவும் பி3 தான், முகம் சிவக்காது’ என்று நிகோடினமைடைக் கொடுத்தார்கள். உண்மையிலேயே சிவக்கவில்லை, நிம்மதியாக மூன்று மாதம் சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனையில் எல்லா எண்களும் பழைய இடத்திற்கே திரும்பியிருந்தன. நிகோடினமைடு வைட்டமின் குறைபாட்டைத் தீர்க்கும், கொலஸ்ட்ராலைத் தொடாது. வாங்கும்போது பெட்டியில் நியாசினின் இன்னொரு பெயரான ‘நிகோடினிக் அமிலம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் அஞ்சியிருக்க வேண்டியது சிவப்புக்கு அல்ல. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94-இலிருந்து 103, பிறகு 112 என்று ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. யூரிக் அமிலம் 8-ஐத் தாண்டியது. அதனால் ஒரு விடியற்காலையில் கால் பெருவிரல் மூட்டு வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. சர்க்கரை ஏறுவது, யூரிக் அமிலம் கூடுவது இரண்டுமே நியாசினின் தெரிந்த பக்கவிளைவுகள். நானோ எச்.டி.எல். வரியை மட்டும் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் நியாசினைப் பற்றிய பெரிய ஆய்வுகளின் முடிவுகளும் வந்துவிட்டன. ஏய்ம்-ஹை ஆய்வு, பலன் தெரியாததால் 2011-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. 2014-இல் வெளியான எச்.பி.எஸ்.2-த்ரைவ் ஆய்வில் 25,673 பேர். எச்.டி.எல். கூடியது, எல்.டி.எல். குறைந்தது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. மாறாக, புதிதாக நீரிழிவு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. ‘அவர்கள் எல்லோரும் ஸ்டேட்டினும் சேர்த்து எடுத்தவர்கள், நான் நியாசின் மட்டும்தானே எடுக்கிறேன்’ என்று வாதாடினேன். 1966-இல் தொடங்கிய பழைய ஆய்வு ஒன்றில், நியாசினைத் தனியாக எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததையும் சுட்டிக்காட்டினேன். மருத்துவர் மறுக்கவில்லை. ‘அந்தக் காலத்தில் ஸ்டேட்டின் இல்லை. இப்போது உங்கள் சர்க்கரை 112’ என்றார்.

2014 இறுதியில் நிறுத்தினேன். வேறொரு ஸ்டேட்டினை மிகக் குறைந்த அளவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, அதோடு குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெடிமைப் என்ற மருந்தையும் மருத்துவர் சேர்த்தார். இம்முறை தசை வலி வரவில்லை. தொடக்கத்திலேயே இந்த வழியைப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்றும் ‘இயற்கையான கொலஸ்ட்ரால் மருந்து’ என்று நம்பி நியாசினைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மெதுவாகக் கரையும் சில வகைகள் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியிருக்கின்றன. உடனே கரையும் வகையிலிருந்து அதற்கு அதே மில்லிகிராம் கணக்கில் மாறுவது இன்னும் ஆபத்து. மருத்துவர் சொல்லி எடுப்பவர்களும் கல்லீரல், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றையும் பரிசோதிக்காமல் நாள் கடத்தக் கூடாது.

நிறுத்திய ஆறாவது மாதம் வந்த தாளில் எல்.டி.எல். 86, வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. எச்.டி.எல். மறுபடி 36-க்கு இறங்கியிருந்தது. மருத்துவர் அந்த வரியைக் கடந்து அடுத்த பக்கத்திற்குப் போனார். நானும் எதுவும் கேட்கவில்லை.