பிளாஸ்ரிக் குழாய்க்கு எந்தப் பூச்சு: ஹெப்பரினா, பிறபொருளெதிரியா?

திருகோணமலை உவர்மலையில் என்னிடம் உயிரியல் படித்த பையன் ஒருவன் அண்மையில் கேட்டான்: "சேர், அப்பாவுக்குக் கையில கிராஃப்ட் வைக்கணும் எண்டு சொல்லிட்டாங்க. ஆன்டிபொடி பூசின குழாய் எண்டு ஒண்டு இருக்காமே, அதைக் கேட்டு வாங்கலாமா?" தகப்பனுக்கு நீண்டகாலச் சீனி வருத்தம். வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ். கையில் நாடியையும் (இதயத்திலிருந்து குருதி வரும் குழாய்) நாளத்தையும் (இதயத்துக்குத் திரும்பும் குழாய்) இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது. அவன் ஆன்டிபொடி என்றதுதான் தலைப்பிலுள்ள பிறபொருளெதிரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொந்த நாளத்தில் செய்யும் ஃபிஸ்டுலா 1966 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பிடித்து நன்றாக வேலை செய்தால் எந்தச் செயற்கைக் குழாயும் அதற்கு ஈடில்லை. நாளங்கள் ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போனவர்களுக்கும், இரண்டு முறை முயன்றும் ஃபிஸ்டுலா முதிராதவர்களுக்கும்தான் கிராஃப்ட்.

கிராஃப்ட் என்பது நாடியையும் நாளத்தையும் இணைக்கும் செயற்கைக் குழாய், நீட்டி விரித்த டெஃப்லானால் ஆனது. நொன்-ஸ்டிக் சட்டியில் பூசுகிற அதே பொருள்தான். இழுத்து நீட்டும்போது அதில் நுண்துளைகள் விழும். டயலிசிஸுக்கு வழக்கமாக 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயை முன்கையின் தோலுக்கடியில் வளையமாகப் போட்டு, ஒரு முனையை நாடியிலும் மறுமுனையை நாளத்திலும் தைப்பார்கள். தைத்த இடத்தின் மேல் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவது போலிருக்கும். அந்த உறுமல் இருக்கும்வரை குருதி ஓடுகிறது என்று அர்த்தம்.

டெஃப்லானில் வேறெதுவும் ஒட்டாவிட்டாலும் குருதிப் புரதங்கள் ஒட்டும். அதன்மேல் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் வந்து சேரும், பிறகு குருதி உறைந்து கட்டியாகும். நம்முடைய சொந்தக் குழாய்களின் உட்புறத்தில் அகவணி என்ற ஒற்றைக் கலப்படை இருக்கிறது. அது நைத்திரிக் ஒட்சைட்டையும் வேறு சில பொருட்களையும் சுரந்து குருதி உறையாமல் பார்த்துக்கொள்ளும். நாய், பன்றி, குரங்கு போன்றவற்றில் கிராஃப்ட் வைத்தால் தையல் விளிம்பிலிருந்து அகவணி நன்றாகப் படர்கிறது. மனிதரில் அது இரண்டொரு சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். 40 சென்ரிமீற்றர் வளையத்தில் இரு முனையும் சேர்ந்து நாலு சென்ரிமீற்றர் மூடினால் மிச்சமெல்லாம் கடைசிவரை வெறும் பிளாஸ்ரிக்தான். விலங்குப் பரிசோதனை முடிவுகளை வாசிக்கும்போது இதை மறக்கக்கூடாது. பூச்சுகளின் கதை தொடங்குவதும் இங்கேதான்.

ஹெப்பரின் என்பது குருதி உறையாமல் தடுக்கும் மருந்து. அதன் பூச்சு அகவணியை உண்டாக்க முயல்வதில்லை. அகவணி செய்யும் வேலையில் ஒரு பகுதியை மட்டும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. ஹெப்பரின் மூலக்கூறின் ஒரு நுனியை மட்டும் குழாயோடு வேதிப்பிணைப்பால் பிடித்து வைக்கிறார்கள். மூலக்கூறு முழுவதையும் ஒட்டினால், குருதி உறைவதைத் தடுக்கும் அன்ரித்ரொம்பின் என்ற புரதம் வந்து பற்றும் இடம் மறைந்து பூச்சு பயனற்றுப் போகும். நுனியில் பிடித்த ஹெப்பரின் குருதியோடு கரைந்து போகாமல் அதே இடத்தில் நின்று வேலை செய்கிறது. ஸ்கண்டினேவிய நாடுகளில் காலுக்கான பைபாஸ் கிராஃப்டில் இதை வெறும் டெஃப்லானோடு ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் திறந்திருந்தவை ஹெப்பரின் பக்கம் சுமார் 86 சதவீதம், வெறும் குழாயில் சுமார் 80. பெரிய அதிசயமில்லை, ஆனால் மனிதரில், சீட்டுக் குலுக்குவது போல் பிரித்துச் செய்த ஆய்வில் கிடைத்த எண்கள். டயலிசிஸ் கையிலோ முடிவுகள் அவ்வளவு தெளிவில்லை. சில ஆய்வுகளில் நீண்டகால வித்தியாசமே தெரியவில்லை. ஹெப்பரினால் சிறுதட்டுக்கள் திடீரென்று குறையும் ஒவ்வாமை முன்பு வந்தவர்களுக்கு இந்தக் குழாய் கூடவே கூடாது. டயலிசிஸ் செய்பவர்கள் அடிக்கடி ஹெப்பரின் ஏற்றுபவர்கள் என்பதால் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சரி, பிறபொருளெதிரி. குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேடிப் பற்றும் புரதம் அது. யோசனை அழகானது, அதை மறுக்க முடியாது. 1997-இல் அசஹாரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஓடும் குருதியிலேயே அகவணியாக மாறக்கூடிய முன்னோடிக் கலங்கள் இருப்பதாகக் காட்டினார்கள். அந்தக் கலங்களின் மேற்பரப்பில் சி.டி.34 என்ற புரதம் இருக்கிறது. அதைப் பற்றும் பிறபொருளெதிரியைக் குழாயின் உட்சுவரில் பூசினால், அவை ஓட்டத்திலேயே பிடிபட்டுப் படையாகப் படரும். வெளியே கலம் வளர்க்கத் தேவையில்லை, இரண்டாவது சத்திரசிகிச்சையும் இல்லை.

இதைப் பன்றிகளில் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். நாடிக்கும் நாளத்துக்கும் இடையே, டயலிசிஸ் கிராஃப்ட் போலவே வைத்தார்கள். பூசிய குழாய்களில் அகவணி சில நாட்களிலேயே வந்துவிட்டது. ஆனால் 28-ஆம் நாளில் பார்த்தால், குழாய் நாளத்தோடு சேரும் இடத்தில் உட்படை தடிப்பது வெறும் குழாயை விடக் கூடுதலாக இருந்தது. டயலிசிஸ் கிராஃப்ட்களில் பெரும்பாலானவை கெடுவது அதே இடத்தில், அதே தடிப்பால்தான். நாடியின் அழுத்தத்தோடு பாயும் குருதி மெல்லிய நாளத்துக்குள் சுழித்து அடிக்கிறது. விறைத்த குழாயும் நெகிழும் நாளமும் தைத்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. நாளச் சுவரின் தசைக்கலங்கள் பெருகி வழியை நெருக்குகின்றன. உட்சுவர் முழுவதையும் அகவணியால் மூடினாலும் அந்த ஓரத்து நெருக்கம் நிற்கவில்லை.

காரணங்களில் ஒன்றை ஊகிக்கச் சிரமமில்லை. சி.டி.34 என்பது அகவணி முன்னோடிகளுக்கு மட்டும் உரியதல்ல, எலும்பு மச்சையிலிருந்து வரும் வேறு தண்டுக்கலங்களிலும் இருக்கிறது. நிலாவெளியில் கரைவலை இழுத்தால் மீனோடு வேண்டாததும் வருவது போல, இந்தப் பூச்சு பிடிப்பதெல்லாம் நாம் கேட்ட கலமாக இருக்காது. வி.ஈ.கட்ஹெரின் போன்ற அகவணிக்கே உரிய புரதங்களைப் பற்றும் பிறபொருளெதிரிகளை இப்போது முயல்வது இதனால்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் நோயாளியைப் பற்றியது. சிறுநீரகம் செயலிழந்தவர்களிலும் சீனி வருத்தக்காரரிலும் இந்த முன்னோடிக் கலங்கள் குறைவு, இருப்பவையும் சரியாக வேலை செய்வதில்லை. யாருக்குக் குழாய் தேவையோ அவர் குருதியில் பிடிப்பதற்கே ஆள் பற்றாக்குறை. போதாததற்கு, வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசி. வருடத்துக்கு 200 முதல் 300 துளை. கஷ்டப்பட்டு வளர்த்த படையை நாமே கிழித்துக்கொண்டிருக்கிறோம். கால் பைபாஸில் இந்தத் தொல்லை கிடையாது. பிறபொருளெதிரிப் பூச்சுக்கு எதிர்காலம் இருந்தால் அது காலில்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

இதய நாடியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டில் இதே பூச்சு ஏற்கெனவே விற்பனைக்கு வந்தது. தனியே பூசியபோது, மருந்து கசியும் ஸ்டென்டை விட, நாடி மறுபடி ஒடுங்குவது கூடுதலாக இருந்தது. அப்புறம் உட்பக்கம் பிறபொருளெதிரி, வெளிப்பக்கம் கலப்பெருக்கத்தை அடக்கும் சிரோலிமஸ் என்று இரண்டையும் சேர்த்து வெளியிட்டார்கள். பன்றி சொன்ன பாடமும் அதுதான்: கலத்தைப் பிடித்தால் மட்டும் போதாது, தடிப்பையும் அடக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நோயாளியின் சொந்த நாளத்துண்டிலிருந்து அகவணிக் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, குழாயின் உள்ளே முன்கூட்டியே வளர்த்து வைப்பது. வியன்னாவில் கால் கிராஃப்ட்களுக்கு இதைப் பல வருடம் செய்தார்கள், பத்து வருடத்தின் பின்னும் சுமார் 60 சதவீதம் திறந்திருந்தன. பூச்சுகள் எதிலும் எனக்கு இவ்வளவு நீண்ட கணக்குத் தெரியாது. ஆனால் இரண்டு சத்திரசிகிச்சை, நடுவே வாரக்கணக்கில் காத்திருப்பு, கிருமி படாத கல வளர்ப்பு ஆய்வுகூடம். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ அவசரமாக வருபவருக்கு இது கைக்கெட்டாத கதை.

திருகோணமலையிலிருந்து பார்த்தால் களஞ்சியமும் ஒரு விடயம். பிறபொருளெதிரி ஒரு புரதம். கிருமியழிக்கும் கதிரும் வாயுவும் அதைக் கெடுக்கலாம், வெப்பமும் கெடுக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கறண்ட் போனால் குளிர்ப்பெட்டியை நம்பும் பொருளுக்கு யார் பொறுப்பு? பிணைத்த ஹெப்பரின் குழாயை உலர்ந்த, குளிர்ந்த அலுமாரியில் வைத்தால் போதும்.

ஆகவே பையனுக்குச் சொன்னது இதுதான். ஆன்டிபொடி குழாயைத் தேடி அலைய வேண்டாம். இன்னொரு ஃபிஸ்டுலாவுக்கு நாளம் மிச்சமிருக்கிறதா என்று ஸ்கான் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாதாரண டெஃப்லானே போதும். ஹெப்பரின் குழாய் கிடைத்து, செலவும் தாங்கினால், ஒவ்வாமை இல்லையென்று உறுதிசெய்துகொண்டு வைக்கலாம், அது டயலிசிஸில் கட்டாயமில்லை. எதை வைத்தாலும் காலையில் எழுந்ததும் உறுமலைத் தொட்டுப் பார்க்கப் பழகுங்கள். ஊசி கழற்றியபின் குருதி நிற்க வழமையை விட நேரமெடுத்தால், அல்லது மெசினில் நாளப் பக்க அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே தாதியிடம் சொல்லுங்கள். நெருக்கமாக இருக்கும்போது பலூன் வைத்து விரிப்பது, முழுதாக அடைத்தபின் திறப்பதை விட எவ்வளவோ லேசு.