அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறும் வசதிகள்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கை தவறிப் போன செய்தியைச் சரிசெய்ய வாட்ஸ்அப்பிலும் ஜிமெயிலிலும் இருக்கும் வசதிகளைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றில் மானத்தை முழுசாகக் காப்பாற்றுவது எது என்றால், தயங்காமல் ஜிமெயிலின் ‘அன்டூ சென்ட்’ என்பேன்.

அனுப்பு என்று அழுத்தியதும் மடல் உடனே கிளம்பாது. சில நொடிகள் நம்மிடமே நிற்கும். அதற்குள் தடுத்தால் வரைவாகத் திரும்பிவிடும். எதிரே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 2015 முதல் எல்லோருக்கும் இருக்கிறது. மாற்றாமல் விட்டால் 5 நொடிதான் கிடைக்கும். கணினியில் செட்டிங்ஸைத் திறந்து 30 ஆக்கிவிடுங்கள். ஃபைலை இணைக்காமலே ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதியது, மேலாளர் பெயரில் விழுந்த எழுத்துப்பிழை எல்லாம் எழுதும்போது கண்ணில் படாது, அனுப்பிய அடுத்த நொடியே பளிச்சென்று தெரியும். அந்த நொடிக்காகவே செய்த வசதி இது.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி 2017இல் வந்தபோது 7 நிமிடம்தான் அவகாசம். 2022 முதல் இரண்டரை நாள். அவகாசம் கூடியும் எனக்கு இதில் நம்பிக்கை கூடவில்லை. செய்தி போனாலும் ‘அழிக்கப்பட்டது’ என்ற தடம் நிற்கிறதே!

எங்கள் உறவினர் குழுவில் ஒரு துக்கச் செய்தி வந்தது. பெரியப்பா மனம் கலங்கி ‘ஆழ்ந்த இரங்கல்’ எழுதி, பக்கத்தில் கண்ணீர் வடிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டார். அத்தனையும் விழுந்து விழுந்து சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள். சின்னத் திரையில் இரண்டு கண்ணீருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அவர் அழுதது நிஜம். குழுவின் அட்மின் அவசரமாக அதை அழித்தார். அதுவரை கவனிக்காதவர்கள்கூட, ‘பெரியப்பா என்ன போட்டார்?’ என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அழிக்காமல் விட்டிருந்தால் பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அழிக்கும் அவசரத்தில் ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்துகிறவர்கள் நிறைய. நம் கண்ணிலிருந்து மறைந்து ஊர் முழுக்க நிற்கும். அதைத் திருப்ப 5 நொடி தருகிறார்கள், போதவே போதாது.

வாட்ஸ்அப்பில் 2023இல் வந்த திருத்தும் வசதிதான் எனக்குப் பிடித்தது. 15 நிமிடத்துக்குள் மாற்றலாம். ‘திருத்தப்பட்டது’ என்ற சிறு குறிப்பு மட்டும் இருக்கும், புது அறிவிப்பு போகாது. அண்ணி ஒரு திருமண நாளுக்கு ‘ஆழ்ந்த அன்புடன் வாழ்த்துகள்’ என்று எழுத நினைத்து ‘ஆழ்ந்த’ வரை தட்டினார். அதற்குப் பின்னால் எப்போதும் எது வரும் என்று கீபோர்டுக்கு நன்றாகத் தெரியும். ‘இரங்கல்’ என்று எடுத்துக் கொடுத்தது. அதுவும் அப்படியே போய்விட்டது. உடனே திருத்தினார். பார்த்துவிட்ட ஒன்றிரண்டு பேரும் பெருந்தன்மையாக வாயைத் திறக்கவில்லை. தம்பதிக்கு வாழ்த்துதான் போய்ச் சேர்ந்தது.

குரல் பதிவைத் திருத்த வழியில்லை, அழிக்கத்தான் முடியும். ஆனால் அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம். பின்னால் வீட்டில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போது தெளிவாகக் கேட்கும்.