கார்டு பாயிண்ட், பேங்க் ஆஃபர், சொந்த பாயிண்ட்: கடைக்கு எது கட்டுபடியாகும்?

கிரெடிட் கார்டைத் தேய்த்ததும் வாடிக்கையாளருக்குப் பாயிண்ட் விழுகிறது, பேங்க் தாராளமாகக் கொடுக்கிறது என்று அவர் சந்தோஷமாகப் போகிறார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடைக்காரர் கல்லாவிலிருந்து போனது. ஆஃபர் யார் பெயரில் வந்தாலும் செலவு கடைக்குத்தான் என்றால், எந்தச் செலவில் ஆள் திரும்ப நம் கடைக்கே வருவார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு ஜவுளிக்கடை, 3,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டுக்கு எம்டிஆர், அதாவது கார்டில் பணம் வாங்கக் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம், 2 சதவீதம் என்றால் 60 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 10.80, ஆக 70.80 பிடித்தம் போக 2,929.20 தான் கணக்கில் ஏறும். அந்த 60-இல் பெரும்பங்கு கார்டு கொடுத்த பேங்குக்குப் போகிறது, மிச்சத்தை மெஷின் வைத்த பேங்கும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்கும் எடுத்துக்கொள்கின்றன. பாயிண்டுக்கான காசு முக்கியமாக அந்தப் பெரும்பங்கிலிருந்துதான் வருகிறது. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 10.80-ஐ இன்புட் கிரெடிட்டில், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துவிடலாம், விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் கடைக்கு அதுவும் கிடையாது. இத்தனைக்கும் வாடிக்கையாளர் அந்தப் பாயிண்டை விமான டிக்கெட்டுக்கோ ஆன்லைன் வவுச்சருக்கோ கொடுத்துவிடுவார், நம் கடைப் பெயர் அவர் நினைவில்கூட இருக்காது.

டெபிட் கார்டில் இவ்வளவு அடி இல்லை. ரிசர்வ் வங்கி 2018-லேயே உச்சவரம்பு வைத்துவிட்டது: ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90. ரூபே டெபிட்டுக்கும் பேங்க் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் பூஜ்யம், சவுண்ட் பாக்ஸ் வாடகை தனி. ஆனால் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து அதே க்யூஆரை ஸ்கேன் செய்கிறார்களே, அங்கே கவனம் வேண்டும். சின்னக் கடைக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. கல்லாவில் இருப்பவருக்கு எல்லாமே ஒரே “டிங்” சத்தம்தான், செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது பேங்க்கோடு சேர்ந்து போடும் ஆஃபர். “இந்த கார்டுக்கு 10 சதவீதம் உடனடித் தள்ளுபடி” என்று வாசலில் போர்டு வைப்பார்களே, அதுதான். செலவு ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம் என்றால்கூட 3,000-க்கு 150 ரூபாய் நம் பங்கு, எம்டிஆர் அதற்கு மேல். தீபாவளிக்கு எப்படியும் வரப்போகிற பழைய வாடிக்கையாளருக்கே இதைக் கொடுத்தால் லாபத்தில் ஓட்டைதான். புதுக் கடை, பக்கத்திலேயே பெரிய ஷோரூம், ஆள் உள்ளே வந்தாலே போதும் என்ற நிலைமை இருந்தால் சரி, ஒரு சீசனுக்குப் போட்டுப் பார்க்கலாம். பொருள் ரிட்டர்ன் வந்தால் தள்ளுபடிப் பங்கும் எம்டிஆரும் யார் தலையில் விழும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது சொந்த பாயிண்ட். பில்லிங் சாஃப்ட்வேரில் போன் நம்பர் போட்டு 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்று வைத்தால் அதே பில்லுக்கு 30 ரூபாய். அதையும் நம் கடைச் சரக்காகத்தான் கொடுக்கப்போகிறோம், லாப விகிதம் 25 சதவீதம் என்றால் கைக்காசு 22.50 தான். அந்தப் பாயிண்டைச் செலவழிக்க அவர் இங்கேதான் வந்தாக வேண்டும், ஒரு பட்டுப்பாவாடை எடுக்க வந்தவர் கூட ரெண்டு சட்டையும் எடுத்துவிட்டுப் போவார்! யுபிஐயில் கட்டினால் இரட்டைப் பாயிண்ட் என்று வைத்தால் 60 பாயிண்டுக்கு நமக்கு 45 ரூபாய்தான் ஆகிறது, கிரெடிட் கார்டுக்குப் போகும் 70.80-ஐ விடக் குறைவு.

இதிலும் வேலை இருக்கிறது. கழிக்கிற பாயிண்டைப் பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்ட வேண்டும், ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்ப டெலிகாம் கம்பெனிகளின் டிஎல்டி தளத்தில் பதிவு வேண்டும், நம்பர் வாங்கும்போது எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். சாஃப்ட்வேர் மாற்றினால் வாடிக்கையாளர் பட்டியலும் பாயிண்ட் பாக்கியும் எக்ஸெலில் வெளியே எடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கார்டு மெஷினைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. கல்யாண ஜவுளிக்கு 80,000 பில் போடுகிறவர் இஎம்ஐ கேட்பார், அங்கே 2 சதவீதம் பார்த்தால் வியாபாரமே கைவிட்டுப் போகும்.