சோப்பு, மஞ்சள், குளோரின், வெறும் தண்ணீர்: எங்கள் அடுக்களையின் நான்குமுனைப் போட்டி

கொரோனா ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரலில், எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் காய்கறிப் பை வாசல்படி ஏறுவதற்குள், அதில் ஒட்டியிருக்கும் கிருமியை எப்படிப் போக்குவது என்று நாலு கட்சி கிளம்பிவிடும். தம்பி சோப்புக் கட்சி. ஆச்சி மஞ்சளும் கல்லுப்பும். நான் குளோரின். அப்பா மட்டும், "காயை வெறுந்தண்ணில அலசுங்க. மத்ததைத் தார்சால போட்டு வைங்க, தன்னால செத்துப்போகும்" என்பார். தார்சா என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் முன்கூடம். அவர் சோம்பேறித்தனத்தில் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

தம்பியின் வாதம் லேசுப்பட்டதில்லை. கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பாலானது; சோப்பு அதைக் கரைத்துவிடும். "கையில கொல்றது கத்தரிக்காயில கொல்லாதா?" கொல்லும், மறுப்பில்லை. கேள்வி அதுவல்ல, அந்தச் சோப்பு அப்புறம் எங்கே போகிறது என்பதுதான். கத்தரிக்காயின் வழுவழுப்பான தோலில் ஓரளவு அலசிவிடலாம். ஒரு நாள் அவன் மல்லித்தழையைப் பாத்திரம் விளக்கும் லிக்விட் கலந்த தண்ணீரில் முக்கி, மூன்று தடவை அலசியும் வைத்தான். ரசத்தில் தூவியதும் சட்டியின் ஓரத்தில் நுரை கட்டியது. பருப்பு நுரை என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு வாய் வைத்ததும் எலுமிச்சை வாசனை. அன்று வைத்தது மிளகு ரசம். சோப்பு வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்த ஆண்டே, காய் பழங்களில் சோப்போ கிருமிநாசினியோ போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. பால் பாக்கெட், எண்ணெய் பாட்டில் என்றால் தம்பி கட்சிக்கு என் ஓட்டு உண்டு.

ஆச்சியின் வாளியில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை, பெரிய பலனும் இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டால் காலிபிளவர் புழு வெளியே வரும்; அது உண்மை. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் வைரஸைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வினிகரும் ஏறக்குறைய அதே கதைதான், கூடுதலாக ஊறுகாய் வாடை. ஆப்பசோடா வேறு விஷயம்: லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் போட்டு 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால் ஆப்பிள் தோலின் மேலே ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து போகிறது என்று 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அவர்கள் சோதித்தது இரண்டு மருந்துகளைத்தான். தோலுக்குள் இறங்கிவிட்டது போகாது. அதுவும் மருந்துக்கான வைத்தியம், கிருமிக்கானது இல்லை.

இனி என் கட்சி. மேற்சொன்ன ஆணையம் காய்கறிக்குச் சொன்ன அளவு 50 பிபிஎம் குளோரின், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. குழாய்த் தண்ணீரில் மிச்சம் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அளவு 0.2 பிபிஎம், அதாவது இது அதைப்போல 250 மடங்கு. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 1 மில்லி. பத்து லிட்டர் வாளிக்கு இரண்டு டீஸ்பூன். கணக்கு சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். வாசனை சேர்த்த வீட்டு பிளீச் உணவுக்கு ஆகாது. தெருவில் தூவுகிற பிளீச்சிங் பவுடரோ திறந்து வைக்க வைக்க வீரியம் இறங்கும், ஆகையால் கரண்டிக் கணக்கு செல்லாது. கீரையில் மண் இருந்தால் குளோரினை அந்த மண்ணே தின்றுவிடும்; முதலில் மண் போக அலசவேண்டும், கடைசியில் குளோரின் போகவும் அலசவேண்டும். இரண்டு அலசலுக்கு நடுவில்தான் என் கட்சி இருந்தது. ஒன்று மட்டும் கண்டிப்பு: ஆச்சி வினிகர் ஊற்றிய வாளியில் நான் குளோரின் ஊற்றியிருந்தால் விஷவாயு கிளம்பியிருக்கும். இரண்டையும் சேர்க்கவே கூடாது.

சானிடைசர் தெளிப்பவர்களும் இருந்தார்கள். கேஸ் அடுப்பு எரியும் அடுக்களையில் ஸ்பிரிட்டைப் பீய்ச்சுவதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

அப்பாவின் முறைக்குத்தான் கையில் எண்கள் இருந்தன. 2020 மார்ச்சில் வந்த ஆய்வகச் சோதனையில், உயிருள்ள வைரஸ் அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு தென்படவில்லை; பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை தென்பட்டது, அதுவும் வெகுவாகக் குறைந்துபோய். அண்ணாச்சி கடையிலிருந்து வந்த அரிசி, பருப்பு, சீனி எல்லாம் மூன்று நாள் தார்சாவில் கிடந்தால் கெட்டா போகும்? செலவு கிடையாது, அலசல் கிடையாது. எலியை மட்டும் அப்பா கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரியே துவரம்பருப்புப் பொட்டலத்தில் ஓட்டை.

2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், வைரஸ் படிந்த பொருளை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்றது. நாங்கள் நாலு பேரும் வாளியைச் சுற்றி நின்று சண்டை போட்டோம். அந்தக் காயை வாங்க மார்க்கெட்டில் தோளோடு தோள் இடித்து நின்ற அரைமணி நேரத்தை யாரும் கேட்கவில்லை.

சரி, இன்னொரு தொற்றுக்காலம் வந்தால் என்ன செய்வேன்? வேகவைக்கிற காய்க்கு ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவது போதும். 70 டிகிரியில் ஐந்தே நிமிடத்தில் அந்த வைரஸ் செத்துவிடும், குழம்பு அதற்கு மேலேயே கொதிக்கிறது. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொய்யா, திராட்சைக்கு மட்டும் நிதானமாக இரண்டு அலசல். முட்டையைக் கழுவி அடுக்கமாட்டேன். ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்பு போய்விடும். கழுவிய காயை ஈரத்தோடு கூடையில் போடவும் மாட்டேன், சுளவில் (முறத்தில்) பரப்பி ஈரம் காயவிடுவேன். அந்த ஏப்ரலில் எங்கள் தக்காளியை வீணாக்கியது கிருமியல்ல, ஈரம். நுங்குக்கு எந்தக் கவலையும் இல்லை, உறையோடு வருகிறது. வெட்டுகிறவர் கை சுத்தமாக இருந்தால் சரி. எல்லாம் முடிந்ததும் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். தம்பி கட்சி அங்கே ஜெயிக்கட்டும்.

ஆச்சி இன்னும் வாளியில் மஞ்சள் போடுகிறாள். ஒன்றும் சாகாது ஆச்சி என்றால், "காய் பாக்க மங்கலமா இருக்குல்லா" என்கிறாள்.