கணுக்காலை இணைப்பதா, மாற்றுவதா? சரிவில் நடப்பவர் பார்க்க வேண்டியது அடுத்த மூட்டை

கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் முதுமையால் வருவதில்லை. பழைய எலும்பு முறிவிலிருந்தோ கடுமையான சுளுக்கிலிருந்தோ வருகிறது. அதனால் உழைக்கும் வயதிலேயே பலரைப் பிடித்துவிடுகிறது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் குளச்சல் மணலில் வள்ளம் தள்ளுகிறவருக்கும் தேய்மானம் முற்றிவிட்டால் முக்கியமான அறுவை வழிகள் இரண்டு: மூட்டின் எலும்புகளை அசையாதபடி ஒன்றாக ஒட்டவைத்து நிரந்தரமாக இணைத்துவிடுவது, அல்லது உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவது.

இணைத்தால் வலி நிற்கும். ஆனால் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் வேலை நின்றுவிடாது, கைமாறும். குதிகால் எலும்பின்மேல் இருக்கும் மூட்டும், அதற்கு முன்னால் நடுப்பாதத்தில் இருக்கும் மூட்டுகளும் அதை ஏற்கின்றன. குதிகால் மூட்டின் சொந்த வேலையோ பாதத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது. சரிவான ரப்பர் தோட்டத்தில் ஒவ்வோர் அடியும் அதைத்தான் கேட்கிறது. இப்போது அதற்கு இரட்டைச் சுமை. இணைப்புக்குப் பிறகு சராசரியாக 22 ஆண்டுகள் கழித்து 23 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2001 இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் அண்டை மூட்டுகள் தேய்ந்திருந்தன. முழங்காலில் இரு கால்களுக்கும் இடையே அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை.

எந்தக் கோணத்தில் இணைக்கிறார்கள் என்பதும் முக்கியம். பாதம் கீழ்க்காலுக்குச் செங்கோணத்தில், குதிகால் சுமார் 5 பாகை வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். குதிகால் உட்பக்கம் சாய்ந்துவிட்டால் நடுப்பாத மூட்டுகள் பூட்டிக்கொள்கின்றன. உதவிக்கு வரவேண்டியவை விறைத்துவிடும். முன்பாதம் தாழ்ந்து இணைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும்.

செயற்கை மூட்டு அசைவின் ஒரு பகுதியைக் காப்பாற்றுவதால் அண்டை மூட்டுகளின் பாரம் குறைகிறது. அதற்காக அதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தேயும், உலோகம் தளரும். பனையேறிக்கும் பாரம் சுமப்பவருக்கும் அது சீக்கிரம் நடக்கலாம். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவருக்குப் பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள். 2022 இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, 50 முதல் 85 வயது வரையுள்ள 303 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தது. ஓராண்டு கழித்து நடப்பதிலும் நிற்பதிலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. மாற்றியவர்களுக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் அதிகம். இணைத்தவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டவில்லை. ஓராண்டில் அண்டை மூட்டின் கதை தெரியாது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இணைத்தவர்களுக்கு அடிப்பாகம் வளைந்த காலணியைப் பரிந்துரைப்பது வழக்கம். அது அடியை உருட்டிவிட்டு நடுப்பாதத்தைக் காக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வீட்டிலும் கோயிலிலும் செருப்பைக் கழற்றுகிற, மற்ற நேரம் ரப்பர் செருப்பில் நடக்கிற நம் ஊரில் அந்தப் பாதுகாப்பு பாதி நாள்கூட இருக்காது.

குதிகால் மூட்டு நன்றாக இருந்து, வயது ஐம்பதுக்குக் கீழ், வேலையும் கடுமை என்றால் நான் இணைப்பின் பக்கம். அந்த மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் மாற்று மூட்டையே முதலில் யோசிப்பேன். இரண்டையும் இணைத்த பாதம் மேட்டுநிலத்தில் மிகவும் தடுமாறும். வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது என்ற சந்தேகம் இருந்தால், ஒரு மூட்டை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டுப் பார்க்கலாம். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.